மருந்துக்காகவா இந்தக் கடல்?

மன்னார்க் கடலைப் பற்றி மேடையேறும் எவரும் இப்போதெல்லாம் ஒரு நத்தையைக் காட்டாமல் இறங்குவதில்லை. பாடசாலைக் கண்காட்சியில் அந்த நத்தை உண்டு, சூழல் தினக் கட்டுரையில் உண்டு, ட்ரோன் காட்சியும் பின்னணி இசையுமாக ஓடும் காணொளிகளில் கட்டாயம் உண்டு. கூம்பு நத்தை. அதன் நஞ்சு மோர்பினைவிட ஆயிரம் மடங்கு வலுவான வலிநிவாரணி. வலிப்பு, பாரிசவாதம், மறதி நோய் அத்தனைக்கும் மருந்து அதற்குள் இருக்கிறது. வெளிநாட்டுக் கம்பனிகள் அதை வைத்துக் கோடி கோடியாகச் சம்பாதிக்கின்றன. அந்தப் பொக்கிஷம் எங்கள் காலடியிலேயே கிடக்கிறது, நாங்கள்தான் அறியாமல் இருக்கிறோம். ஆகவே இந்தக் கடலைக் காக்க வேண்டும். பேசுகிறவர் மாறுவார், இந்த வரிசை மாறாது.

கடைசி வாக்கியத்தோடு எனக்கு வழக்கு இல்லை. அதற்கு முன்னால் வரும் அத்தனையோடும் இருக்கிறது. பாதி மிகைப்படுத்தல், மீதி நடக்காத கனவு. கடலுக்கு நல்லது செய்வதாக எண்ணித்தான் இதைச் சொல்கிறார்கள் என்பது தெரியும். ஆனால் மருந்து வரும் என்று சொல்லிக் காத்த கடலை, மருந்து வராது என்று தெரிந்த நாளில் எப்படிக் காப்பது? அந்த நாள் ஏற்கெனவே வந்து போய்விட்டது என்பதுதான் நம் பேச்சாளர்கள் அறியாத சங்கதி.

முதலில் நத்தையைப் பார்த்துவிடலாம். பள்ளிமுனையிலோ தாழ்வுபாட்டிலோ நண்டு வலை கரைக்கு வந்ததும் உட்கார்ந்து நண்டு கழற்றுகிறவர்களின் கையில் கண்டதும் கடியதும் சிக்கும்: பாசி, உடைந்த சிப்பி, நட்சத்திர மீன், இடையில் கூம்பு வடிவில் ஒரு சங்கு. கோனஸ் டெக்ஸ்டைல் என்ற இனத்தின் ஓட்டில் மஞ்சளும் பழுப்புமாகச் சின்னச் சின்ன முக்கோணங்கள் அடுக்கி வரைந்திருக்கும். கோனஸ் அமாடிஸ் அதைவிட நீண்டு கூர்ந்து, செம்பழுப்பில் வெள்ளைத் திட்டுகளோடு இருக்கும். விலை போகாத சரக்கு. ஓடு அழகாக இருந்தால் பிள்ளைகள் எடுத்துப் போவார்கள், இல்லாவிட்டால் பாசியோடு சேர்த்து வீசப்படும். உயிரோடிருக்கும்போது அதன் ஒடுங்கிய முனையிலிருந்து ஒரு தும்பிக்கை நீளும். தும்பிக்கை நுனியில் உள்ளே குழலான, முள் வைத்த ஒரு பல். அந்தப் பல் வழியே நஞ்சை இரையின் உடம்பில் ஏற்றுகிறது. உலகில் இந்த வகை நத்தை எண்ணூறு இனங்களுக்கும் மேல். ஒவ்வோர் இனத்தின் நஞ்சிலும் நூறு, இருநூறு என்று சிறு புரதத் துண்டுகள். ஒவ்வொரு துண்டும் நரம்பின் ஏதோ ஒரு வாயிலையோ ஏற்பியையோ குறிபார்த்துப் போய் அடைக்கிறது அல்லது திறந்துவிடுகிறது. இதுவரை எல்லாம் உண்மை, அதுவும் வியக்கத்தக்க உண்மை.

இனி அந்த ஆயிரம் மடங்கு. சிக்கோனோடைட் என்ற மருந்தைப் பற்றிய பேச்சு அது. விற்பனைப் பெயர் பிரியால்ட். யூட்டா பல்கலைக்கழகத்தில் பால்டொமேரோ ஒலிவேராவின் ஆய்வுக்கூடத்தில், பள்ளி முடித்து அப்போதுதான் பல்கலைக்கழகத்துக்குள் காலடி வைத்திருந்த மைக்கேல் மெக்கின்டொஷ் என்ற மாணவர் பிரித்தெடுத்தது. 25 அமினோ அமிலங்கள் கொண்ட இழை. தண்டுவடத்தில் வலிச் செய்தி கைமாறும் இடத்தில் உள்ள ஒரு கல்சிய வாயிலை அடைத்துவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் கண்டெடுத்ததிலிருந்து அமெரிக்க அனுமதி கிடைத்த 2004 டிசம்பர்வரை ஏறத்தாழ கால் நூற்றாண்டு. இதன் மூலம் கோனஸ் மாகஸ், பிலிப்பைன்ஸ் பக்கத்து நத்தை. மன்னாரில் பிடித்ததும் இல்லை, மன்னாரிலிருந்து போனதும் இல்லை. ஒலிவேராவும் மணிலாவில் பிறந்தவர். ஊருக்குத் திரும்பி, பெரிய கருவி எதுவும் இல்லாமல், கையில் எளிதாகக் கிடைக்கும் ஒன்றை ஆராயலாம் என்று லூர்து குரூஸ் என்ற பிலிப்பைன்ஸ் விஞ்ஞானியோடு சேர்ந்து இந்த நத்தையைத் தொட்டார். வெள்ளைக்காரன் வந்து அள்ளிப் போனான் என்ற கதை இங்கே ஒட்டவில்லை.

ஆயிரம் மடங்கு என்றால் என்ன? விலங்குகளில், தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரில் ஏற்றிப் பார்க்கும்போது, அதே விளைவுக்கு எடையளவில் அவ்வளவு குறைவாகப் போதும் என்பதே பொருள். ஒரு சிட்டிகை கொச்சிக்காய்த் தூளின் உறைப்புக்கு ஒரு கைப்பிடி மிளகு வேண்டும் என்பதால் கொச்சிக்காய் போட்ட கறி பல மடங்கு ருசி என்று ஆகுமா? நோயாளிக்கு வேண்டியது வலி எவ்வளவு குறைகிறது என்ற கணக்கு. அதில் ஆயிரம் மடங்கு ஒன்றும் இல்லை.

இந்த மருந்தைக் குளிசையாக விழுங்க முடியாது, வயிற்றில் செரித்துப் போகும். சாதாரண ஊசியாக ஏற்றினால் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேராது. வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு பம்பு வைத்து, அதிலிருந்து நுண்குழாய் ஒன்றைத் தண்டுவட உறைக்குள் செருகி, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தொடக்க அளவு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது. அதிகபட்சம் 19.2. அளவு சற்றுத் தவறினால் தலைசுற்றல், குழப்பம், இல்லாததைக் காணுதல், நினைவு தடுமாறுதல். முன்பு மனநோய்க்கு ஆளானவர்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்று மருந்தோடு வரும் விவரச் சீட்டிலேயே கட்டமிட்டு எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். மோர்பின்போல உடம்பு பழகிப்போய் அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டிய தொல்லை இதில் இல்லை. அது பெரிய நன்மை, மறுக்கவில்லை. ஆனால் வேறெதற்கும் அடங்காத வலியோடு, பம்பு வைக்க வசதியுள்ள மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்கும் சிலருக்கான மருந்து இது. முசலியில் புற்றுநோயோடு கிடக்கும் ஒரு கிழவிக்கு இதனால் ஆகப்போவது என்ன?

எண்ணூறு இனங்கள், இனத்துக்கு நூற்றுக்கணக்கான துண்டுகள், நாற்பது ஆண்டுக்கு மேலான ஆராய்ச்சி. இந்த நஞ்சிலிருந்து நோயாளியின் கைக்கு வந்து சேர்ந்த மருந்து இந்த ஒன்றே ஒன்றுதான்.

சரி, அது தண்டுவடம். மூளை ஏற்பிகளில் வேலை செய்யும் பொருள் என்று நம்மவர்கள் வலிப்பையும் மறதியையும் இழுக்கிறார்களே, அதன் மூலம் எது? அந்தக் கதையைத்தான் நான் முழுதாகச் சொல்ல விரும்புகிறேன். இந்த வாதம் எங்கே உடைகிறது என்று அதில் துல்லியமாகத் தெரியும்.

கோனஸ் ஜியோகிராபஸ், இந்து-பசிபிக் கடல் எங்கும் பரவிய நத்தை. கூம்பு நத்தைகளில் மனிதரைக் கொல்வதில் முதலிடம் இதற்குத்தான். இது மீனை முதலில் குத்துவதில்லை. வாயைப் பெரிதாக விரித்து, ஒளிந்திருக்கும் சிறு மீன் கூட்டத்தை அப்படியே உள்ளே வளைத்துப் போடுகிறது. மீன்கள் திமிறுவதில்லை, கிறங்கிக் கிடக்கின்றன. நத்தை தண்ணீரில் விடும் சரக்குதான் அவற்றைக் கிறங்க வைக்கிறது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அந்தச் சரக்கில் இன்சுலின்கூட உண்டு என்று 2015-ல் கண்டுபிடித்தார்கள். மீனின் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிச் சோர வைக்க, மீனின் இன்சுலினைப் போலவே ஒன்றைத் தயாரித்து வைத்திருக்கிறது இந்த நத்தை. அதே சரக்கில் இருக்கும் இன்னொன்று கொனன்டோகின்-ஜி.

1980களின் தொடக்கத்தில் ஒலிவேராவின் கூடத்தில் வேலை செய்த கிரெய்க் கிளார்க் என்ற இளநிலை மாணவர், நஞ்சின் துண்டுகளை வழக்கம்போல எலியின் வயிற்றில் ஏற்றாமல் நேரே மூளைக்குள் ஏற்றிப் பார்க்கலாம் என்றார். வயிற்றில் ஏற்றியபோது ஒன்றும் செய்யாத துண்டுகள் மூளையில் விதவிதமான ஆட்டம் காட்டின. ஒன்று எலிக்குஞ்சுகளைத் தூங்க வைத்தது. அதற்குத் தூக்கப் புரதம் என்றே ஆய்வுக்கூடத்தில் பெயராயிற்று. 17 அமினோ அமிலங்கள் மட்டுமே. அதில் ஐந்து, நம் குருதி உறைவதற்கான புரதங்களில் காணப்படும் ஓர் அரிய வடிவம். குருதியில் பார்த்ததை நத்தை நஞ்சில் பார்த்ததே அப்போது ஆச்சரியம்.

அது போய் உட்காருவது என்எம்டிஏ ஏற்பி என்ற இடத்தில். மூளையில் ஒரு நரம்புக்கலம் அடுத்ததைத் தட்டி எழுப்பப் பயன்படுத்தும் முக்கியப் பொருள் குளுட்டமேட். குளுட்டமேட் வந்து ஒட்டினால் திறந்து கல்சியத்தை உள்ளே விடும் வாயில்களில் என்எம்டிஏ ஏற்பியும் ஒன்று. ஆனால் அது கொஞ்சம் பிடிவாதமான வாயில். குளுட்டமேட் மட்டும் போதாது, கிளைசினும் ஒட்ட வேண்டும்; மக்னீசியம் அடைத்துக்கொண்டிருக்கும், கலம் ஏற்கெனவே விழிப்பில் இருந்தால்தான் அந்த அடைப்பு விலகும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசினால் மட்டும் திறப்பதால்தான் கற்றலுக்கும் நினைவுக்கும் இது அடிப்படை என்கிறார்கள். இதுவே அளவு மீறித் திறந்து கிடந்தால் உள்ளே கொட்டும் கல்சியம் கலத்தையே கொல்லும். பாரிசவாதத்தில் குருதியோட்டம் நின்ற பகுதியில் நடப்பது இது. வலிப்பின் மின்புயலிலும் இதற்குப் பங்குண்டு. கொனன்டோகின்-ஜி செய்யும் வேலை, குளுட்டமேட் ஒட்டும் இடத்தில் தான் போய் அமர்ந்து அதை ஒட்டவிடாமல் செய்வது. அதிலும் ஏற்பியின் எல்லா வகையிலும் அமர்வதில்லை. 2பி என்ற துணைக்கூறு உள்ள வகையைத் தேடி அமர்கிறது. மனிதன் செய்த தடுப்பான்கள் பலவும் கண்மூடித்தனமாக எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டிருந்தபோது, இந்த நத்தை ஒன்றை மட்டும் பொறுக்கி அடைத்தது. மருந்தாய்வாளர்கள் சொக்கிப் போனதில் வியப்பில்லை.

ஆனால் எலிக்குஞ்சுக்கும் வளர்ந்த எலிக்கும் அது ஒரே வேலையைச் செய்யவில்லை. இரண்டு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுகள் தூங்கின. வளர்ந்தவை தூங்கவில்லை, நிலைகொள்ளாமல் ஓடித் திரிந்தன. அதே பொருள், அதே இனம், வயது மட்டும் வேறு. வளரும்போது மூளையில் இந்த ஏற்பியின் துணைக்கூறுகள் கலந்திருக்கும் விகிதமே மாறுகிறது. ஒரு பொருள் மூளையில் என்ன செய்யும் என்பது அந்தப் பொருளில் மட்டும் எழுதப்பட்டிருப்பதில்லை. எந்த மூளை, எந்த வயது, எந்தப் பகுதி என்பதெல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. நத்தைக்குள் மருந்து இருக்கிறது என்று மேடையில் சொல்லும்போது இவ்வளவும் காணாமல் போகிறது. நத்தைக்குள் இருப்பது நஞ்சு. மருந்து என்பது பிறகு செய்யப்படுவது, பெரும்பாலும் செய்யப்படாமலே போவது.

கொனன்டோகின்-ஜியும் அப்படித்தான் போயிற்று. சால்ட் லேக் சிட்டியில் கொக்னெடிக்ஸ் என்ற கம்பனி இதை வலிப்புக்கான மருந்தாக வளர்க்கப் பார்த்தது. விலங்குகளில் வலிப்பை நன்றாகவே அடக்கியது. மனிதர்களில் தொடக்கக் கட்டப் பரிசோதனைக்கும் போனது. அதற்கு மேல் போகவில்லை. இத்தகைய புரத இழை குருதி-மூளைத் தடையைத் தாண்டாது. வலிப்பு நோயாளிக்கு நாள்தோறும் தண்டுவடத்தில் சொட்டு விட்டுக்கொண்டிருக்க முடியுமா? அதே காலத்தில், 1990களில், இதே ஏற்பியை அடைக்கும் வேறு பல பொருள்கள் பாரிசவாதத்துக்காகப் பெரும் பரிசோதனைகளில் இறக்கப்பட்டு வரிசையாகத் தோற்றன. எலிகளைக் காப்பாற்றிய பொருள்கள் மனிதரிடம் பலிக்கவில்லை, பக்கவிளைவுகள்தான் மிஞ்சின.

ஆஸ்திரேலியாவிலும் இதே கதை. கோனஸ் விக்டோரியே என்ற நத்தையின் நஞ்சில் கண்ட விசி1.1 என்ற துண்டு, எலியின் நரம்பு வலியை அருமையாகத் தணித்தது. மனிதப் பரிசோதனைக்கும் கொண்டு வந்தார்கள். எந்த ஏற்பியை அது அடைப்பதாக நம்பினார்களோ, அந்த ஏற்பியின் மனித வடிவம் எலி வடிவத்தைவிட அதற்கு மிகக் குறைவாகவே மசிகிறது என்று தெரிய வந்தது. 2007-ல் கடையைக் கட்டினார்கள்.

இன்றைக்கு என்எம்டிஏ ஏற்பியை அடைத்து நோயாளிக்கு உதவும் மருந்தே இல்லையா? இருக்கிறது. மயக்க மருந்தான கீட்டமின், 1962-ல் வேதியியல் கூடத்தில் தொகுக்கப்பட்டது. இன்று எந்தச் சிறு ஊர் அறுவைக்கூடத்திலும் பழக்கமான பெயர். மறதி நோய்க்கான மெமன்டின் இன்னொன்று. இரண்டும் ஆய்வுக்கூட மேசையில் பிறந்தவை. கடலுக்கும் அவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நஞ்சு ஆராய்ச்சியே வீண் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நரம்பின் கல்சிய வாயில்கள் எத்தனை வகை, எது எங்கே இருக்கிறது என்று இன்று நாம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி இந்த நத்தைகள் தந்த கருவிகளால்தான். தசைத் தளர்ச்சி நோய் ஒன்றைக் குருதிச் சோதனையில் கண்டறிய ஒரு கூம்பு நத்தை நஞ்சு பயன்படுகிறது. தமிழ்நாட்டுக் கரைகளில் கிடைக்கும் கோனஸ் அமாடிஸ் நஞ்சை இந்தியாவில் பி. பலராம், கே.எஸ். கிருஷ்ணன் ஆகியோரின் குழுக்கள் ஆராய்ந்து, சோடிய வாயில் மூடுவதைத் தாமதப்படுத்தும் ஒரு துண்டை 2003-ல் வெளியிட்டன. நமது வலையில் சிக்கும் அதே நத்தை. அறிவியலுக்கு அது வரவு. அந்த வரவைச் சொல்லிப் பெருமைப்படலாம். அதை மருந்துக் கடை வருமானமாக மாற்றிச் சொல்வதுதான் மோசடி.

பொக்கிஷம் என்ற சொல்லாடலின் அடுத்த ஓட்டையைப் பார்ப்போம். ஒரு வாதத்துக்கு, நாளைக்கே பேசாலைக் கடலில் எடுத்த ஒரு நத்தையின் துண்டு மூளை நோய் ஒன்றுக்குப் பலித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது இந்தக் கடலுக்குப் பாதுகாப்பு வருமா? சிக்கோனோடைட் தயாரிக்க ஒரு நத்தையும் கொல்லப்படுவதில்லை. முழுக்க முழுக்க ஆய்வுக்கூடத்தில் தொகுக்கிறார்கள். இருபத்தைந்து எழுத்துகளின் வரிசை தெரிந்த அன்றோடு நத்தையின் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு அந்த இனமே அழிந்தாலும் மருந்து உற்பத்தி ஒரு நாள் நிற்காது. காப்புரிமை வரிசைக்குத்தான், கடலுக்கு இல்லை. மரபு வரிசைத் தரவுகளால் இலாபம் பார்க்கும் கம்பனிகள் இயற்கைக்கும் பழங்குடிகளுக்கும் பங்கு தரவேண்டும் என்று 2025 பெப்ரவரியில் காலி நிதியம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். நல்ல நோக்கம்தான். கம்பனிகள் விரும்பினால் கொடுக்கலாம், கட்டாயம் இல்லை.

ஒருவேளை மருந்துக்கு நத்தையே வேண்டியிருந்தால்? அது இதைவிடக் கேடு. 2003-லேயே எரிக் சிவியன், கல்லம் ராபர்ட்ஸ், ஆரன் பெர்ன்ஸ்டீன் மூவரும் சயன்ஸ் இதழில் எச்சரித்தார்கள்: கூம்பு நத்தைகளின் மருத்துவ மதிப்பே அவற்றுக்கு ஆபத்தாகலாம் என்று. ஆய்வுக்கூடங்களின் தேவை சிறிதுதான் என்று நஞ்சு ஆய்வாளர்கள் பதில் சொன்னார்கள், அந்தப் பதிலிலும் நியாயம் உண்டு. ஆனால் ஒரு கடல் உயிருக்கு வெளிநாட்டு விலை வந்தால் என்ன ஆகும் என்று மன்னாருக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. கடல் அட்டையைக் கேளுங்கள். முன்பு இடுப்பளவுத் தண்ணீரில் பொறுக்கியதைத் தேடி இன்று சிலிண்டர் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போகிறார்கள். ஆழத்திலிருந்து சட்டென்று மேலேறியதில் கால் விளங்காமல் போனவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள்.

இந்தக் கரைக்கு இன்னொரு பழைய கணக்கும் இருக்கிறது. 1905-ல் சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிப் பக்கத்து முத்துக் குளிப்பில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுத்தார்கள். அதற்குச் சில ஆண்டு முன்னர், 1902-ல், ஆங்கில அரசு லிவர்பூல் பேராசிரியர் டபிள்யூ.ஏ. ஹெர்ட்மனை வரவழைத்திருந்தது. அவரும் ஜேம்ஸ் ஹோர்னலும் முத்துச் சிப்பி கிடக்கும் பார்களையெல்லாம் ஆராய்ந்தார்கள். ஐந்து பாக அறிக்கை வந்தது. நாடாப்புழுவின் இளம்பருவம் சிப்பிக்குள் புகுவதால்தான் நல்ல முத்து உண்டாகிறது என்பது அவர்களின் முடிவு. பின்னால் அது நிற்கவில்லை. அறிவியல் கைக்கு வந்துவிட்டது, இனி முத்து தொடர்ந்து விளையும் என்ற நம்பிக்கையில் 1906-ல் ஒரு கம்பனி இருபது ஆண்டுக் குத்தகைக்குப் பார்களை எடுத்தது. 1907-க்குப் பிறகு கம்பனிக்குச் சிப்பி கிடைக்கவில்லை. கம்பனி குத்தகைக் காலத்தில் பாதியைக்கூடத் தாண்டவில்லை. அரிப்பில் ஆளுநர் நோர்த்தின் மாளிகைச் சுவர்கள் இடிந்து நிற்கின்றன. குளியாளிகளுக்கு அதுகூட மிஞ்சவில்லை. கடலை ஒற்றைப் பொருளின் விலையாகப் பார்த்தவர்கள் அந்தப் பொருள் நின்றதும் கடலைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த அரை நூற்றாண்டுக்கு மன்னார் என்ற பெயர் கொழும்புக் கோப்புகளில் எவ்வளவு இடம் பிடித்தது என்று தேடிப் பார்ப்பவர்கள் பார்க்கலாம்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். நண்பர் ஒருவர் நேரடியாகவே சொன்னார்: “காசு என்று சொன்னால்தான் அரசாங்கம் கேட்கும். அழகு, பாரம்பரியம் என்றால் யார் கேட்கிறான்? நத்தைக் கதை கொஞ்சம் ஊதிய கதைதான். ஊதினாலும் வேலை நடக்கிறதே.”

எங்கே நடக்கிறது? மன்னார்த் தீவின் மணலில் இல்மனைட் என்ற கனிமம் இருக்கிறது. ஒரு தொன் என்ன விலை என்று உலகச் சந்தையில் தினமும் தெரியும். காற்றாலைக்கு ஒரு மெகாவாட் கணக்கு உண்டு. இறால் பண்ணைக்கு ஏக்கர் கணக்கு உண்டு. இந்த ஏலத்தில் நத்தையை நிறுத்தி, என்றோ ஒருநாள் இதிலிருந்து மருந்து வரலாம் என்று விலை கூறினால் எந்த அதிகாரி முதலில் சிரிப்பார்? பொய்க் காசு, மெய்க் காசிடம் தோற்கும். விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கத்தின் ஒரு பகுதியை நீர்வாழ் பண்ணைக்காக 2024-ல் வர்த்தமானியில் விடுவித்தபோது எந்த நத்தையும் குறுக்கே நிற்கவில்லை.

மறுபக்கம் 2025 ஓகஸ்டை நினைத்துப் பாருங்கள். காற்றாலைக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் நகரில் சனம் கூடியது. மதகுருமார் வந்தார்கள், தொழிலுக்குப் போகிறவர்கள் வந்தார்கள், பெண்கள் நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். ஒருவர் வாயிலும் மருந்துப் பொக்கிஷம் என்ற பேச்சு இல்லை. மழை பெய்தால் வெள்ளம் வடிவதில்லை, கிணற்றுத் தண்ணீர் உப்பாகிறது, கரையில் வலை இழுக்க இடமில்லை. இவைதான் பேச்சு. கடல்மட்டத்துக்கு மேலே சில மீற்றரே உயர்ந்த தீவு, மணலுக்கடியில் மெல்லிய நன்னீர்ப் படலம். மணலை எடுத்தால் தண்ணீர் போகும். இதைப் புரிந்துகொள்ள ஏற்பியும் வேண்டாம், எலியும் வேண்டாம். அரசு கொஞ்ச நாளாவது வேலையை நிறுத்திவைத்தது இந்தப் பேச்சுக்குத்தான்.

காசுக் கணக்குதான் வேண்டுமென்றால் அதுவும் கைவசம் உண்டு. மன்னார் நண்டு ஏற்றுமதியாகிறது; அந்த நண்டு கடற்புல்லில் வளர்கிறது; கடற்புல்லை இழுவை மடி வேரோடு வாரிப் போகிறது. அடிமட்ட இழுவைத் தொழிலை இலங்கை 2017-ல் சட்டம் போட்டுத் தடுத்தது. இராமேஸ்வரத்துப் படகுகள் கடலில் எல்லை தாண்டுவது நின்றபாடில்லை. உள்ளூரிலும் சட்டம் முழுதாக நடைமுறைக்கு வரவில்லை. ஆவுளியா என்ற கடற்பசு மேய்வதும் அந்தப் புல்லில்தான், கூம்பு நத்தை புதைந்து கிடப்பதும் அந்த மணலில்தான். ஒரு நாள் இழுவையில் சாகும் நத்தைகள் எல்லா ஆய்வுக்கூடமும் சேர்ந்து கேட்பதைவிட அதிகமாகவே இருக்கும் என்பது என் ஊகம். பொக்கிஷக் கட்டுரைகள் வெளிநாட்டு மருந்துக் கம்பனியைத் திட்டும் அளவுக்கு இழுவை மடியைத் திட்டுகின்றனவா? படித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத எதிரியைத் திட்டுவது யாருக்கும் எளிது, பக்கத்து வாடிச் சம்மாட்டியைத் திட்டுவது கடினம்.

இந்த நத்தைக் கனவு நோயாளிக்கும் ஒரு தீங்கு செய்கிறது. வலிப்பு என்றால் இன்னும் எங்கள் பக்கம் பேய் பிடித்தது என்று நூல் கட்டப் போகிறார்கள். பெண் பிள்ளையானால் கலியாணம் நின்றுபோகும் என்று வெளியே சொல்லாமல் மறைக்கிறார்கள். அந்த வீட்டுக்குப் போய், கடலில் அதிசய மருந்து இருக்கிறது, விரைவில் வரும் என்று சொல்வது என்ன நியாயம்? 1912 முதல் இருக்கும் பீனோபார்பிட்டோன், பிறகு வந்த கார்பமசெப்பின், வல்புரோயேற்று எல்லாம் மலிவான குளிசைகள். ஒழுங்காக மருந்து கிடைத்து ஒழுங்காக விழுங்கினால் வலிப்பு நோயாளிகளில் 70 விழுக்காட்டினர்வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதை இது. புற்றுநோய் வலிக்கும் அப்படியே. மன்னாரிலிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்கோ மகரகமைக்கோ பஸ் ஏறுகிற நோயாளிக்கு வேண்டியது மோர்பினைவிட ஆயிரம் மடங்கு வலுவான ஒன்று இல்லை. மோர்பின் வேண்டும். வாயால் விழுங்கும் மோர்பின், வேண்டிய நேரத்தில், வீட்டுக்குப் பக்கத்தில், அடிமையாகிவிடுவாய் என்ற மிரட்டல் இல்லாமல்.

ஆகவே எழுதுகிறவர்களையும் ஆசிரியர்களையும் கேட்கிறேன்: நத்தையைப் பற்றிச் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். அது எப்படி மீனைக் கிறக்குகிறது, எலிக்குஞ்சை ஏன் தூங்கவைத்தது, மனித மூளையில் ஏன் பலிக்கவில்லை என்று தோல்வியையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் அறிவியலை அங்கேதான் கற்பார்கள். கடலைக் காக்கச் சொல்லும்போது தண்ணீர், புல், நண்டு, கரை என்று பேசுங்கள். பொக்கிஷத்தை விட்டுவிடுங்கள்.

கண்காட்சியில் வைக்கும் அட்டையில் இந்த நாலு வரியையும் கட்டாயம் எழுதுங்கள். கூம்பு வடிவச் சங்கு உயிரோடிருந்தால் கையில் எடுக்காதே, சட்டைப்பையில் போடாதே. அதன் பல் துணியையும் துளைக்கும். குத்தினால் வலி பெரிதாக இல்லாமலும் இருக்கலாம். உதடு மரத்தல், பார்வை இரண்டாகத் தெரிதல், மூச்சு அடங்குதல் பிறகு வரும். அடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் துணி சுற்றி உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோ, வழியில் மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊது; மூச்சைத் தாங்கிப் பிடித்தால் நஞ்சு தானாக இறங்கும். நாற்பது ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகும் இந்த நஞ்சுக்கு முறிவுமருந்து உலகில் எங்கும் இல்லை.